மூன்றாவது பதிவு

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் பணி அனுபவங்களைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். மேடையில் பேசினால் நடுவில் வேறு பக்கம் நழுவிவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் எழுதித் தருகிறேன். எங்கள் காலத்தில் என்ன கருவிகள் இருந்தன, எந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை நூலகத்தில் கிடைக்கும். ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மூளை, நரம்பியல் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். மொத்தமே நான்கு பேர்தான். வாரம் முழுக்க ஆய்வுக்கூடம், சனிக்கிழமை மட்டும் ஊர். ஊர் என்றால் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், அதாவது பஞ்சாயத்து வட்டங்களில், இருந்த கிராமங்கள். வலிப்பு வருபவர்களைத் தேடிப் பிடித்து, மாத்திரை கொடுத்து, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது எங்கள் வேலை.

இன்று அதற்குச் சமூக ஈடுபாடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அது பாதி சேவை, பாதி உல்லாசம். ஜீப்பில் பாட்டு. பாகூர் ஏரிக்கரையில் நிறுத்திச் சாப்பாடு. திரும்பும்போது நல்லவாடு கடற்கரையில் படகு வந்திருந்தால் மீன் வாங்கிக்கொண்டு போய் விடுதிச் சமையல்காரரிடம் கொடுத்துப் பொரிக்கச் சொல்வோம். யாருடைய ஊரில் அதிக நோயாளிகள் என்று எங்களுக்குள் போட்டி வேறு. புது ஊரில் வலிப்புக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தால், மீன் அகப்பட்டதைப் போலத்தான் சொல்லிக்கொள்வோம். அதை அப்போது யாரும் தவறாக நினைக்கவில்லை, வசந்தாவைத் தவிர.

வசந்தா என்னோடு சேர்ந்தவள். வில்லியனூரில் வளர்ந்தவள். நான் நகரத்துப் பையன். எங்கள் ஜீப்பின் பக்கவாட்டில் துறையின் பெயரை வெள்ளை எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். ஊரார் அதற்கு 'மூள வண்டி' என்று பெயர் வைத்தார்கள். மூளை வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டில் இழுப்பு, அதாவது வலிப்பு, இருக்கிறது என்று தெருவே தெரிந்துகொண்டது. இதை முதலில் கண்டுகொண்டவள் அவள்தான். இனி வண்டி கொம்யூன் அலுவலகத்தோடு நின்றுவிட வேண்டும், அங்கிருந்து நடந்துதான் போக வேண்டும் என்று பேராசிரியரிடம் வாதாடி அனுமதி வாங்கினாள். எங்களுக்கு ஒரே எரிச்சல்.

“வெயில்ல எங்கள நடக்க வெச்சிட்ட. எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா இன்னா?” என்று கேட்டேன்.

“உனக்கு இழுப்புன்னு உங்க வூட்டு வாசல்ல போர்டு மாட்டட்டுமா? அப்புறம் எவன் உனக்குப் பொண்ணு குடுக்குறான்னு பாக்கலாம்.”

“போர்டு இல்லாமலே எவனும் குடுக்க மாட்டேங்குறான்.”

“அதுக்குக் காரணம் வேற” என்றாள். ஜீப்பே சிரித்தது.

செல்வி பாகூர்ப் பக்கத்துச் செலியமேட்டுப் பெண். செல்வி என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. விவசாயக் குடும்பம். தாய் தகப்பன் இல்லை; அண்ணன் ஏழுமலைதான் எல்லாம். அவன்தான் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பாகூர் முகாமுக்கு அழைத்து வந்தான். வலிப்பு என்று வாயைத் திறந்து சொல்ல அவனுக்கு வெகு நேரம் ஆனது. “அது வருது சார், அது வருது” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய அவளைக் கல்லூரிக்கு வரச் சொன்னோம். தலையில் ஒயர்களை ஒட்டவைத்துப் பார்க்கும் அந்தப் பதிவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, முகத்துக்கு எதிரே ஒரு விளக்கை விட்டு விட்டு மின்னவைப்போம். சிலருக்கு அந்த மின்னலோடு மூளையின் அலைகள் கூட்டமாக எழும். எழுந்தவுடன் விளக்கை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அலை வலிப்பாக மாறலாம். ஒரு கை எப்போதும் விசையின் மேல் இருக்கட்டும் என்பது எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடங்களில் ஒன்று. செல்விக்கு அலைகள் எழுந்தன. நான் நிறுத்தினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து, “முடிஞ்சிடுச்சா சார்?” என்று கேட்டாள்.

பேராசிரியர் காகிதத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்ன அழகான பதிவு” என்றார். நீங்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதை வராந்தாவில் கேட்டிருக்கிறேன்.

மாத்திரை அவளுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. வலிப்பு நின்றது. பிறகு எடுத்த இரண்டாவது பதிவில் அலைகள் அமைதியாக இருந்தன, விளக்குக்குக்கூட அசையவில்லை. அதற்குள் அவளுக்கு வில்லியனூருக்குப் பக்கத்தில் உறுவையாற்றில் கல்யாணத்துக்கு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு மில்லில் வேலை. வலிப்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணம் இல்லை. ஏழுமலை வசந்தாவுக்கும் எனக்கும் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நீங்க ரெண்டு பேரும் எதையும் சொல்லிடாதீங்க” என்றான்.

பொய்யின் மேல் கல்யாணம் கட்டலாமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எனக்குச் சரியாகப் படவில்லை. வசந்தா, “சரியா தப்பான்னு நம்மள யாரும் கேக்கல. மாத்திரை நிக்கக் கூடாது, அவ்ளோதான் நம்ம வேல” என்றாள். ஏற்பாடும் அவளே செய்தாள். வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு பாய் மளிகைக் கடை வைத்திருந்தார். ஓமம், கடுக்காய், வசம்பு மாதிரியான நாட்டு மருந்துச் சரக்கும் அங்கே கிடைக்கும். வசந்தாவின் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். மாத்திரையை அவரிடம் கொடுத்துவிடுவது. செல்வி சாமான் வாங்க வரும்போது ஓமப் பொட்டலத்தோடு சேர்த்து அவர் கொடுத்துவிடுவார்.

“யாருக்கும் தெரியக் கூடாது பாய்” என்று நான் வலியச் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த பஜார்ல பாதிப் பேரு தலைக்கி அடிக்கிற சாயம் என் கடையிலதான் பொட்டலம் ஆவுது தம்பி. எவன் தல கறுப்பு, எவன் தல வெளுப்புன்னு நான் இன்னிக்கி வரைக்கும் வாயத் தொறந்ததில்ல.”

இன்னொன்றும் வசந்தா சொன்னாள். செல்வியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும், மாத்திரை மட்டும் போகட்டும், இனி அவளைப் பதிவுக்குக் கூப்பிடக் கூடாது. நான் சரி என்றேன். வாயால் சொன்னேன்.

என் ஆய்வுக்கு மூன்று பதிவுகள் தேவைப்பட்டன: மாத்திரைக்கு முன், மாத்திரையில், பிள்ளைப்பேற்றுக்குப் பின். அமைதியான மூளை பிரசவத்துக்குப் பிறகும் அமைதியாக இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மற்றப் பெண்களின் பதிவுகள் கிடைத்தன. ஆனால் செல்வியின் முதல் பதிவைப் போல வேறு எதுவும் இல்லை. வெளியூரிலிருந்து தேர்வாளர் வர நாள் நெருங்கியபோது, பேராசிரியர் என் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து அவளுடைய இரண்டு பதிவுகளில் நின்றார்.

“மூணாவது எங்க?”

“தொடர்பு விட்டுப்போச்சு சார்.”

“விட்டுப்போச்சுன்னா தேட மாட்டீங்களா?”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்த மாணவனின் தாளை எடுத்துக்கொண்டார். அவர் மேல் பழி போடலாம் என்று பிற்காலத்தில் பலமுறை முயன்று பார்த்தேன். முடியவில்லை. தொடர்பு விட்டுப்போனது என்று அவரிடம் பொய் சொன்னவன் நான். அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

நான் வில்லியனூருக்குப் போய்ப் பாய் கடையில் நின்றேன். அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பொட்டலங்களை எடுத்துக் காட்டினார்.

“இங்கியே கெடக்குது பாருங்க தம்பி. செலியமேட்டுல புள்ள பெத்துக்கினு இருந்த வரைக்கும் அண்ணங்காரன் வந்து வாங்கிக்கினு போனான். புருசன் வூட்டுக்கு வந்ததுல இருந்து ஆளே காணோம். கைக்கொழந்த, மாமியாக்காரி வெளில வுட்ருக்க மாட்டா. வசந்தாம்மா கிட்ட சொல்லணும்னு இருந்தேன்.”

வசந்தா அந்த வாரம் வார்டு பணியில் இருந்தாள். நானே சொல்லிவிடுகிறேன் என்று பொட்டலங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவளிடம் நான் சொல்லவில்லை.

கடையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதியாக வேண்டும். செல்வி சில வாரங்களாக மாத்திரை இல்லாமல் இருக்கிறாள். கைக்குழந்தையோடு தூக்கமும் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் வலிப்பு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். அடுப்பின் முன்னால் வரலாம், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும்போது வரலாம். மருத்துவம் படித்த எவனுக்கும் முதலில் தோன்ற வேண்டியது, இந்த மாத்திரையை இன்றே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது. எனக்கு முதலில் தோன்றியது வேறு. மாத்திரை இல்லாத மூளை. இப்போது எடுத்தால் பதிவு எப்படி வரும்? அப்படி நினைக்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்து நெடுங்காலம் ஆகிவிட்டது. நினைத்தேன்.

அவள் வீட்டுக்கு நேராகப் போக முடியாது. அதனால் உறுவையாற்றுப் பள்ளிக்கூடத்தில் ஒரு தாய்சேய் முகாம் போட்டேன். ஒருத்தியை வெளியே வரவைக்க ஊருக்கே முகாம். இளைய மாணவர்கள் மகிழ்ச்சியாக வந்தார்கள். பிள்ளைகளை எடை பார்த்தார்கள், பெண்களுக்குச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அன்று பல பேருக்கு உண்மையிலேயே நல்லது நடந்தது. இதையும் சொல்கிறேன், ஏனென்றால் அன்று மாலைவரை என் மனச்சாட்சிக்கு நான் காட்டிய சமாதானம் அதுதான்.

நான் கணக்குப் போட்டபடியே மாமியார் மருமகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தாள். செல்வி என்னைப் பார்த்ததும் முகம் வெளிறித் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளை அதுவரை பார்த்தே அறியாதவனைப் போல நடந்துகொண்டேன். அந்த நடிப்பில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

“ராவெல்லாம் புள்ள தூங்கறதில்ல டாக்டரு, இவளும் தூங்கறதில்ல” என்றாள் மாமியார். “தலைய நோவுது தலைய நோவுதுன்னு ஒரே பாட்டு. மெய்யாலுமே நோவுதா, இல்ல பாத்திரம் வெளக்க சொன்னா மட்டும் நோவுதான்னு பாத்து சொல்லு.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தாள். கடுமையான பெண் இல்லை அவள். மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னாள்.

“தலைவலிக்குக் காலேஜுல மிஷின் வெச்சிப் பாக்கலாம். இலவசம்தான்” என்றேன்.

“வேணாம் அத்த, தானா சரியாப் பூடும்” என்றாள் செல்வி.

“டாக்டரே கூப்புடறாரு, உனக்கு இன்னாடி? நான் இஸ்துக்கினு வரேன் டாக்டரு.”

பேரனைத் தராசில் வைக்க மாமியார் திரும்பினாள். அந்த இடைவெளியில் செல்வி வாய் அசையாமல் கேட்டாள்: “மாத்திர கொண்டாந்தியா சார்? தீந்து பூட்ச்சி. பயமா கீது.”

மாத்திரை என் பையில் இருந்தது. கையை விட்டு எடுத்தால் போதும்.

“பதிவு முடிஞ்சதும் தரேன்” என்றேன்.

இளைய நண்பர்களே, என் வாழ்க்கையில் நான் பேசிய எத்தனையோ வாக்கியங்களில் இதைத்தான் முதலில் அழிப்பேன். அதட்டிச் சொல்லவில்லை; கனிவாகத்தான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஒப்புதல் வாங்கினோமா என்று இப்போது நீங்கள் கேட்கிறீர்கள் அல்லவா? எனக்குக் கிடைத்த ஒப்புதல் அந்தத் தலையாட்டல்தான்.

பதிவு நாளன்று இன்னொரு விதியையும் மீறினேன். உறவினர்கள் வெளியே உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பதிவில் என்ன வரும், விளக்குக்கு முன்னால் என்ன ஆகும் என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. அதை நோயாளிக்கு முன்னால் வேறொருவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வழக்கம். மாமியார் கேட்கவில்லை. “நான் இல்லாம என் மருமவ தலையில ஒயரு வெக்க வுடமாட்டேன்” என்று பேரனை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தன் வீட்டுப் பெண்ணுக்குக் காவல் இருந்தாள். வெளியே அனுப்பினால் அழைத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்து நான் இருக்கட்டும் என்று விட்டேன்.

எழுதுமுனைகள் காகிதத்தில் கீறத் தொடங்கின. தொடக்கத்திலிருந்தே அலைகள் சரியாக இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். விளக்கு தேவையே இல்லை; என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, அமைதி நிலைக்கவில்லை என்று. ஆனால் முதல் இரண்டு பதிவுகளிலும் விளக்கு இருந்தது. மூன்றிலும் இருந்தால்தான் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும். விளக்கைப் போட்டேன்.

அலைகள் கூட்டமாக எழுந்தன. முதல் பதிவைவிட உயரமாக, இன்னும் ஒழுங்காக. என் கை விசையின் மேல்தான் இருந்தது. விரல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் காகிதம் ஓடட்டும் என்று இருந்தேன். உங்களுக்கு அது புரியும் என்று நினைக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் செல்வியைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டாக்டரு, அவ மொகத்தப் பாரு” என்றாள் மாமியார்.

நான் விளக்கை நிறுத்தியபோது செல்வியின் உடம்பு விறைத்துவிட்டிருந்தது. பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. ஒயர்கள் அறுந்து தொங்கின. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், ஊசியை எடுத்துவைத்தேன். தேவைப்படவில்லை, வலிப்பு தானாக அடங்கியது. அதற்குள் மாமியார் பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி மருமகளின் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரும்பைப் பிடித்தால் இழுப்பு நிற்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பெயர் சொல்லாவிட்டாலும் அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை கதறிக்கொண்டிருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு மாமியார் என்னைக் கேட்டாள். “இது இன்னா டாக்டரு? இந்த வெளக்கு பண்ணுச்சா?”

இப்போது நான் எங்கே நின்றேன் என்று பாருங்கள். ‘ஆமாம். விளக்குதான் பண்ணியது. நான் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. என் தப்பு’ என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. செல்வி அந்த வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பாள். என்னை அந்த அம்மாள் திட்டியிருப்பாள், பேராசிரியரிடம் போய்ச் சத்தம் போட்டிருப்பாள், தேர்வாளர் வரும் சமயத்தில் துறையில் பேச்சு எழுந்திருக்கும். எனக்கு நடக்கக் கூடியது அவ்வளவுதான்.

“விளக்கு ஒண்ணும் பண்ணாது” என்றேன். “இது அவங்களுக்குப் பழைய நோய். மாத்திரைய நிறுத்திட்டாங்க, அதான் வந்திருக்கு. நிறுத்தினது அவங்க தப்பு.”

மாத்திரை என் பையில் இருந்தது.

மாமியார் கத்தவில்லை. “பழைய நோயா” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். சாவிக்கொத்தைச் செல்வியின் கையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அவ அண்ணனுக்கு ஆள் வுட்டு, இட்டுக்கினு போவ சொல்லு. எங்க வூட்டுக்கு வர வேணாம்.”

செல்வி மயக்கம் தெளிந்து எழுந்து உட்காரச் சிறிது நேரம் ஆனது. சுற்றிலும் பார்த்தாள். ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது. “புள்ள எங்க சார்?” என்று கேட்டாள். நான் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பதிவு முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா?

சில நாள் கழித்து ஏழுமலை வந்தான். ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசப்போவதாகச் சொன்னான்.

“நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும் சார். வெளக்காலதான் வந்துச்சின்னு சொல்லுங்க. வேற எதையும் சொல்ல வேணாம். புள்ளையையாவது அவகிட்ட வுடுவாங்க.”

“அப்படி விளக்கு மேல மட்டும் பழி போட முடியாது ஏழுமலை. விஞ்ஞானப்படி அது முழு உண்மை இல்ல.”

“அன்னிக்கி மாமியாக்காரிகிட்ட சொன்னியே, அது முழு உண்மையா?” என்று கேட்டான். அதுவரை ‘நீங்க’ என்று பேசியவன். பதிலுக்குக் காத்திருக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் போகவில்லை. தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். வசந்தா போனாள். கணவனிடம், மாமியாரிடம், பெரியவர்களிடம் விளக்கைப் பற்றி எடுத்துச் சொன்னாள். அவர்கள், “அந்த டாக்டரே பழைய நோயின்னு சொல்லிட்டாரேம்மா, நீ இன்னா புதுசா சொல்ற?” என்று கேட்டார்கள். என் சொல்லை மறுக்க அவளால் முடியவில்லை. அவளும் மருத்துவர்தான், ஆனால் நான் ஆண், பதிவு எடுத்தவன். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய அன்றைய சட்டமும் இடம் கொடுத்தது. ரத்து ஆனது. பிள்ளை உறுவையாற்றில் தங்கியது. செல்வி செலியமேட்டுக்குத் திரும்பினாள்.

தேர்வாளர் மூன்று பதிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூன்றாவதில் அதிக நேரம் நின்றார். பாராட்டினார். பேராசிரியர் அன்று எங்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். வசந்தா எடுத்துக்கொள்ளவில்லை.

“காணாமப் போனவளைத் தேடிக் கண்டுபுடிச்சேன்னு எழுதியிருக்க. அவ காணாமப் போகல. உன்கிட்ட இருந்து தள்ளி இருந்தா. நான்தான் தள்ளி வெச்சிருந்தேன்” என்றாள். அதன் பிறகு வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர அவள் என்னோடு பேசியதில்லை.

நானும் வசந்தாவும் அதே துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். ஒரு வருடம் போல ஆன பின் செலியமேட்டுக்குப் போனேன். ஜீப்பில் போகவில்லை. செல்வி வீட்டுப் பின்கட்டில் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்து கழனிப் பக்கம் போய்விட்டான்.

“இன்னா சார், இன்னும் எதுனா பாக்கி கீதா?” என்றாள்.

மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கொட்டை ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது.

“அன்னிக்கி கண்ணத் தொறக்க முடியல. ஆனா காது கேட்டுச்சி. என் தப்புன்னு சொன்ன.”

“உறுவையாத்துக்குப் போய் நான் உண்மையச் சொல்லிடறேன், இப்பவாவது.”

“இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? அவுரு வேற கட்டிக்கினாரு. புள்ளய பாக்கப் போனேன். என்ன பாத்தா அழுவுறான், யாரோ ஒருத்தி வந்து தூக்குறாளேன்னு. அந்தப் பொண்ணு இடுப்புக்குப் போனதும் சும்மா ஆயிட்டான்.” அடுத்த மல்லாட்டையை எடுத்தாள். “அதுவும் நல்ல பொண்ணுதான்.”

நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டிருப்பேன். நம்மைப் போன்றவர்கள் அப்படித்தான் கேட்போம். அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“வசந்தாம்மா சனிக்கெழமையில பாகூர்ல மாத்திர குடுக்குறாங்க. அவங்களாண்ட வாங்கிக்கினு கீறேன். போன மாசம் நீயும் வந்திருந்த. அங்க வேப்ப மரத்தாண்ட நின்னு பாத்துட்டு நான் திரும்பி வந்துட்டேன். நீ நிக்கிற எடத்துக்கு எனக்கு கால் வர்ல சார். மறுபடியும் மாத்திர நின்னு பூடும். நீ அங்க வராத. அது போதும்.”

அடுத்த திங்கட்கிழமை பேராசிரியரிடம் ஆய்வுக்கூட வேலை அதிகமாக இருக்கிறது, ஊர்ப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார். வசந்தா ஓய்வு பெறும்வரை பாகூர் முகாமை நடத்தினாள். செல்வி வந்துகொண்டிருந்தாள் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வலிப்பு அவளுக்கு மறுபடி வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் கிராம மக்களுக்கு நான் ஆற்றிய சேவையைப் பற்றிச் சிலர் பேசினார்கள். மாலை போட்டார்கள். அந்த மக்களில் ஒருத்திக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே உதவி, சனிக்கிழமைகளில் பாகூர்ப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தது. அதைத் தவறாமல் செய்தேன்.